ஊவா மலையில் கண்ணாடி துடைத்தவர்கள்

1869ஆம் ஆண்டு மடுல்சீமைக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படியத் தொடங்கியது. தொட்டால் விரலில் ஒட்டியது; காற்றடித்தால் பறந்தது. ஊவாவின் அந்த மூலை அப்போதுதான் காடு வெட்டித் திறக்கப்பட்ட புதிய கோப்பி நிலம். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு ஆய்வில் பேர்பெற்ற பெர்க்லி பாதிரியார் அதே ஆண்டில் அந்தத் தூளுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். இருபது ஆண்டுக்குள் இலங்கையின் கோப்பி சரிந்ததும் அதே சரிவுகளில் தேயிலை ஏறியதும் மலையகத்தில் எல்லாரும் அறிந்த கதை. அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. நோயை ஆராய அரசாங்கம் அழைத்த ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் 1880 முதல் 1882 வரை இலங்கையில் வேலை செய்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைக் கோப்பிச் செடிகளுக்கு நடுவே வைத்து, காற்று அவற்றில் எதைக் கொண்டுவந்து ஒட்டுகிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்த்தார். ஒட்டியது நோயின் வித்திகள். வெறுங்கண்ணுக்குத் தூசியாகத் தெரிந்தது உயிருள்ள பொருள் என்பதும், அது காற்றேறித் தோட்டத்துக்குத் தோட்டம் போகிறது என்பதும் அந்தக் கண்ணாடிகளில் தெரிந்தன.

இதே மலைகளில் இன்று டிஜிட்டல் கமரா வைத்திருப்பவர் தமது கமராவின் உள்ளே வைத்திருப்பதும் காற்றிலிருந்து துகள் பிடிக்கும் கண்ணாடித் துண்டு ஒன்றைத்தான். கோப்பித் துருவின் ஒரு வித்தி, ஒரு மில்லிமீட்டரின் முப்பதில் ஒரு பங்கு அளவு. இரண்டு கோடியே நாற்பது இலட்சம் பிக்சல் கொண்ட முழு அளவுச் சென்சர் ஒன்றில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரோமீட்டர். ஆக அந்த வித்தி ஐந்து பிக்சல் அகலத்தை அடைத்துக்கொண்டு உட்காரும். வானத்தைப் படமெடுத்தால் மங்கலான சாம்பல் புள்ளி ஒன்று ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் வந்து நிற்பது இப்படித்தான். அதைக் கண்டதும் எழும் கேள்வி, வீட்டிலேயே துடைக்கலாமா, கொழும்புக்குக் கொண்டு போக வேண்டுமா என்பது. பெரும்பாலானோரின் பதில், கை வைக்காதே என்பது. அந்தப் பதிலில் பழமையான ஞானம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படத்தொழிலின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் கண்ணாடியைச் சுத்தம் செய்தவரும் படம் செய்தவரும் நெடுங்காலம் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். துடைப்பது வேறு யாரோ செய்யும் வேலை என்ற எண்ணம் பிலிம் ரோலோடு வந்தது. பிலிம் ரோலோடு அது போயிருக்க வேண்டும்.

தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். 1851இல் பிரெட்ரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறைதான் இலங்கையின் முதல் பெரிய ஸ்டூடியோக்களை வாழவைத்தது. கொழும்பில் ஸ்கீன், கண்டியில் ஸ்கோவன் ஆகியோரின் ஸ்டூடியோக்கள் கோப்பித் தோட்டங்களையும் பிறகு தேயிலைத் தோட்டங்களையும் படமெடுத்து விற்றன. ஈரத்தகட்டில் படம் எடுப்பது என்றால் முதல் வேலை கண்ணாடி துடைப்பது. ரொட்டன்ஸ்டோன் என்ற மென்மையான கல்மாவைச் சாராயத்தில் குழைத்துத் தகட்டின் இருபுறமும் தேய்த்து, மான்தோல் துணியால் மெருகேற்றி, விளிம்பைக் கூடக் கறையின்றி வைக்க வேண்டும். தகட்டில் ஒரு விரல்ரேகை மிச்சமிருந்தால் அதன் மேல் ஊற்றும் கொலோடியன் அந்த இடத்தில் பிடிக்காது. படத்தில் ரேகை அப்படியே வரும். ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, படமெடுத்து, கழுவி முடிக்கச் சில நிமிடங்களே உண்டு. வெயிலடிக்கும் மலைச்சரிவில் கூடாரம் அடித்து, இருட்டில் குனிந்து இதைச் செய்வார்கள். படத்தின் அடியில் ஸ்டூடியோக்காரரின் பெயர் அச்சாகியிருக்கிறது. பெட்டி சுமந்தவர்கள், தண்ணீர் மொண்டு வந்தவர்கள், தகடு தேய்த்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. கோப்பிக் காலத்து மலையில் சுமை தூக்கியது யார் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

தூசியை அறவே பொருட்படுத்தாத ஒருவரும் இந்த மலைநாட்டில் வாழ்ந்து இறந்தார். ஜூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கடைசியில், நாற்பத்தெட்டாம் வயதில், மகள் பரிசளித்த கமராவோடு தொடங்கியவர். கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார். வரும்போது சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றி வந்தார் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் சொல்வார்கள். அவருடைய இங்கிலாந்துப் படங்களில் தூசிப் புள்ளி உண்டு, கொலோடியன் வழிந்த கோடு உண்டு, விரல்ரேகை உண்டு, கீறல் உண்டு. லண்டன் படக்கலைச் சங்கத்து ஆட்கள் இதை அலட்சியம் என்றார்கள். அவர் திருத்தவில்லை. பிற்காலம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது; இன்று அந்தக் கறைகளைக் கலையின் பகுதியாகவே அருங்காட்சியகங்கள் காட்டுகின்றன. இலங்கையில் அவர் தோட்டத் தொழிலாளரையும் ஊர்மக்களையும் எடுத்த படங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 1879இல் திக்கோயாவில் இறந்தார். கமரனைக் காட்டி, தூசி இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. தம் முகத்தை அவரிடம் கொடுத்த கவிஞர் டென்னிசனுக்கும் வானியலாளர் ஹெர்ஷலுக்கும் கன்னத்தில் ஒரு புள்ளி விழுந்ததால் இழப்பு எதுவும் வரவில்லை. அவர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். படத்தைக் காட்டித்தான் தான் யார் என்று நிரூபிக்க வேண்டிய மனிதருக்குக் கறை ஓர் அழகியல் விடயமாக இருக்காது.

மலையகத் தமிழரின் கதை அந்த இரண்டாம் வகை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் அடையாளம் எண் பொறித்த ஒரு தகரத் துண்டு. முகத்துக்கு அதில் வேலை இல்லை. முகம் கேட்கப்பட்டது பிறகு. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல் தீர்ந்தது. இந்தியக் கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைக்கும் படம் வேண்டும். போகிறவருக்கும் படம், இருப்பவருக்கும் படம். தோட்டத்தில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துக் கொழுந்தெடுத்து நின்ற மனிதர், ஒருநாள் சம்பளத்தை விட்டு, நல்ல துணி உடுத்தி, பதுளைக்கோ பசறைக்கோ பஸ் பிடித்து, ஸ்டூடியோவின் திரைக்கு முன் அசையாமல் இருந்தது பெரும்பாலும் இந்தத் தேவைகளுக்காகத்தான். திருமணப் படமும் குடும்பப் படமும் அதற்குப் பின்.

அந்தச் சிறு ஸ்டூடியோக்களில்தான் தூசி துடைப்பது ஒரு தனிக் கைத்திறமையாக வளர்ந்தது. டச்சிங் என்று சொல்வார்கள். அதன் நுட்பத்தைக் கொஞ்சம் கிட்டவிருந்து பார்ப்பது தகும். படம் எடுக்கும் முன்பே தூசி பிலிமில் கிடந்தால், அந்த இடத்தில் வெளிச்சம் படாது. நெகடிவில் அது தெளிந்த ஓட்டையாக நிற்கும். தாளில் கறுப்புப் புள்ளியாக விழும். நெகடிவைக் கழுவிக் காயவைத்த பிறகு அதன்மேல் தூசி விழுந்திருந்தால், பெரிதாக்கியின் வெளிச்சத்தை அது மறைக்கும். தாளில் வெள்ளைப் புள்ளி வரும். ஆகவே புள்ளியின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கட்டத்தில், யார் கையில் தவறு நடந்தது என்று டச்சிங் செய்பவர் சொல்லிவிடுவார். வெள்ளைப் புள்ளிக்கு மருந்து எளிது: மூன்று நான்கு மயிர் மட்டும் முனையில் நிற்கும் தூரிகை, நீர்த்த மை, ஒரே நேரத்தில் நிரப்பாமல் சிறு சிறு புள்ளியாகச் சுற்றியுள்ள சாம்பலோடு சேர்ப்பது. கறுப்புப் புள்ளி கடினம். கூரிய கத்தி முனையால் தாளின் மேல்தோலை நூலிழையாகச் சுரண்ட வேண்டும். அழுத்தம் கொஞ்சம் மிஞ்சினால் தாளின் நார் எழும்பிவிடும். அதனால் அனுபவசாலிகள் நெகடிவிலேயே ஓட்டையைச் சிவப்பு மையால் அடைத்து, கறுப்பை வெள்ளையாக மாற்றி, பிறகு தாளில் வெள்ளையை நிரப்பினார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1970களின் முற்பகுதியில் பிலிமும் தாளும் கடல் கடந்து வர வேண்டிய பொருள்கள். ஒரு தாளைக் கெடுத்து இன்னொன்றை எடுப்பதைவிடக் கெட்டதைக் கையால் திருத்துவதே கணக்குக்குச் சரிவந்திருக்கும்.

இந்தக் கையைப் படம்பிடிப்பவரிடமிருந்து பிரித்தது ஓர் அமெரிக்க வியாபார யோசனை. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் விற்ற கொடக் கமராவில் நூறு படத்துக்கான சுருள் உள்ளேயே இருந்தது. முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். படங்களும் மறுபடி நிரப்பிய கமராவும் திரும்பி வரும். பொத்தானை அழுத்துவது மட்டும் வாங்கியவர் வேலை, மற்றதெல்லாம் கம்பனி வேலை என்பதே அவர்களின் விளம்பரம். உண்மையில் தூசி எங்கும் போய்விடவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் புதிய பிலிம் துண்டு ஒன்று நகர்ந்து வந்து நிற்பதால், இந்தப் படத்தில் விழுந்த துகள் இந்தப் படத்தோடு போயிற்று. அடுத்ததற்குச் சுத்தமான மேற்பரப்பைத் தொழிற்சாலை ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்தது. துடைப்பின் கூலி பிலிம் விலைக்குள் அடங்கியிருந்தது என்பதுதான் விடயம். 1970களின் பிற்பகுதியில் ஜப்பானின் நொரிட்சு கொண்டுவந்த மினிலாப் இயந்திரங்கள் கலர்ப் படத்தைக் கடை முகப்பிலேயே கழுவி அச்சிட்டுக் கொடுக்கத் தொடங்கியபின், டச்சிங் தூரிகைக்கும் மேசையில் இடம் குறைந்தது. இரண்டு தலைமுறைப் படக்காரர்கள் கண்ணாடி துடைப்பது எப்படி என்று கற்காமலே தொழிலுக்கு வந்தார்கள். கை வைக்காதே என்ற எச்சரிக்கையின் வயது அவ்வளவுதான்.

டிஜிட்டல் கமரா வந்ததும் நிலைமை ஈரத்தகட்டுக் காலத்துக்கே திரும்பியது, இன்னும் கடுமையாக. 1999இல் நிக்கொன் டி1, 2003இல் ஆயிரம் டொலருக்குக் குறைவாகக் கனன் 300டி என்று லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் கமராக்கள் பொதுச்சந்தைக்கு வந்தன. பிலிம் நகர்ந்தது, சென்சர் நகராது. முதல் நாள் விழுந்த துகள் பத்தாயிரமாவது படத்திலும் அதே இடத்தில் இருக்கும். உற்பத்தியாளர்களுக்கும் இது உடனே புரிந்தது. ஒலிம்பஸ் தனது 2003ஆம் ஆண்டு இ-1 கமராவிலேயே சென்சருக்கு முன்னுள்ள கண்ணாடியை மீயொலி அதிர்வால் உதறும் ஏற்பாட்டை வைத்தது. கனன் 2006இல் 400டி கமராவில் தன் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்தக் கண்ணாடிதான் நம் பேச்சின் மையம். சென்சரைத் துடைப்பது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், சிலிக்கன் சில்லை யாரும் தொடுவதில்லை. அதன்மேல் ஒட்டியிருக்கும் வடிகட்டிக் கண்ணாடியைத்தான் துடைக்கிறார்கள். அதில் பூச்சு உண்டு, ஆகவே கவனம் வேண்டும். ஆனால் அது கண்ணாடி.

மடுல்சீமையில் எப்போது எந்தத் தூசி வரும் என்பதற்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடி தொடங்கிப் புரட்டாதிவரை, மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி வரும் காய்ந்த கச்சான் காற்று ஊவாவில் அடிக்கும். தேயிலைக்கு அது பொற்காலம். ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணம் அந்தக் காய்ச்சலில் வருவது. கமராவுக்கு அது புழுதிக்காலம். வாகனம் போனால் தோட்டத்துப் பாதையின் செம்மண் எழும்பும். தேயிலைப் பெக்டரியில் அரைத்துச் சலிக்கும் இடத்தில் மென்மயிர்த் துகள் சுவரிலும் கூரையிலும் பழுப்பு நிறத்தில் படியும். லயத்து அடுப்பின் புகையோடு சாம்பலும் வரும். ஐப்பசிக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை. தை வரை மூட்டமும் ஈரமும். அந்த மாதங்களில் விழுவது உதறினால் போகாது. ஈரத்தில் ஒட்டும், அதில் வித்திகள் இருந்தால் முளைக்கவும் முளைக்கும். கோப்பித் துரு வித்தி இலையில் நிற்கும் நீர்த்துளியில்தான் முளைவிடுகிறது என்று வார்ட் காட்டினார். லென்ஸில் சிலந்தி வலையாகப் படரும் பங்கசு வேறு இனம், ஆனால் ஈரம் கேட்பதில் இரண்டும் ஒன்று. ஆகவே உலர்ந்த நாடுகளில் இருந்துகொண்டு எழுதப்பட்ட துடைக்கும் முறைகளை இங்கே அப்படியே எடுக்க முடியாது. கச்சான் காலத்துத் துகளுக்கு ஊதினால் போதும். மழைக்காலத்துப் புள்ளிக்கு முதலில் அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் முறை மிக எளிது. லென்ஸின் துளையை எஃப்/16 அல்லது எஃப்/22க்குச் சுருக்கி, வெள்ளைத் தாளையோ வெறும் வானத்தையோ குவியம் தவறவிட்டு எடுக்க வேண்டும். துகள் கிடக்கும் கண்ணாடி பிக்சலுக்குச் சற்று மேலே இருப்பதால், விரிந்த துளையில் நிழல் கரைந்துவிடும். சுருங்கிய துளையில் நிழல் கூர்மையாகும். படம் சென்சரில் தலைகீழாக விழுவதால், படத்தின் மேல் இடது மூலையில் தெரியும் புள்ளி, கமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது கீழ் இடது மூலையில் கிடக்கும். லென்ஸை மாற்றியும் புள்ளி அதே இடத்தில் நின்றால் அது சென்சரில் உள்ளது. பிறகு கதவும் மின்விசிறியும் மூடிய அறை. பற்றரி முழுச் சார்ஜ், ஏனெனில் பாதியில் மின் போனால் கமராவின் பிரதிபலிப்புக் கண்ணாடியும் ஷட்டரும் கையின்மேல் விழும். மெனுவில் சுத்தம் செய்யும் நிலை. கமராவின் வாய் கீழ்நோக்கி. புளோவர் என்று கேட்டால் கடையில் தரும் ரப்பர் குமிழால், முனை உள்ளே முட்டாமல், ஏழெட்டு ஊதல். வாயால் ஊதுவது எச்சிலை உள்ளே அனுப்பும். தகரக் குப்பியில் அடைத்த காற்று தன் உந்துதிரவத்தையே கறையாகத் துப்பிவிட்டுப் போகும். இதற்கும் போகாததற்குத்தான் சென்சரின் அகலத்துக்கே வெட்டிய சுவாப், மெதனோல் வகைத் திரவம் இரண்டு துளி, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒரே இழுப்பு, திருப்பி மறுமுகத்தால் இன்னொரு இழுப்பு, அதோடு எறிந்துவிடுவது. முன்னும் பின்னும் தேய்த்தால் முதல் இழுப்பில் எடுத்த மணலையே இரண்டாவதில் கண்ணாடியில் உரசுவோம். மான்தோலால் தகடு தேய்த்தவருக்கு இதில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

எதிர்வாதங்கள் உள்ளன. கீறிவிட்டால் நட்டம் பெரிது, கம்பனிக்காரரிடம் கொடுப்பதே புத்தி என்பது முதலாவது. இதில் பாதி உண்மை. உற்பத்தியாளரின் கைநூல்களே ஊதுவதை உரிமையாளர் கையில் விடுகின்றன. அதற்கு மேல் போனால் சேவை நிலையம் என்கின்றன. நிலையங்கள் கொழும்பில், பதுளையிலிருந்து ரெயிலில் ஏறினால் நாள் முழுவதும் பயணம். திருமணச் சீசனில் ஒரே கமராவை வைத்துப் பிழைப்பவர் ஒரு புள்ளிக்காக அதைச் செய்ய மாட்டார், புள்ளியோடு படம் கொடுப்பார். கம்பனியின் கையும் தவறாத கை இல்லை: 2012இல் வந்த நிக்கொன் டி600 கமராக்கள் பலவற்றில் புதிதாக வாங்கிய கையோடு சென்சரில் எண்ணெய்த் துளிகளும் துகள்களும் தெறித்தன, 2013இல் நிக்கொனே அறிவித்தல் விட்டுச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று, அந்த ஆண்டே டி610 வந்தது. அந்தக் கறை பிறந்த இடம் தொழிற்சாலையில் பூட்டிய பாகங்களுக்குள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கமராவே தன்னைத்தான் உதறிக்கொள்கிறதே என்பது அடுத்தது. உதறலில் உலர்ந்த துகள் விழும், அதுவும் உள்ளேயே விழும். மகரந்தம், எண்ணெய், ஈரத்தில் ஊறி ஒட்டியது ஆகியவை அசையா. கச்சான் மாதத்தில் அந்த ஏற்பாடு கைகொடுக்கும், மார்கழியில் கைவிடும். கைப்பேசி வந்த பிறகு யாருக்கு இந்தக் கவலை என்று கேட்பவர்களும் உண்டு. கைப்பேசியின் சென்சர் மூடி முத்திரையிட்டது, அதில் நாம் துடைக்க ஒன்றுமில்லை என்பது சரி. ஆனால் பூப்பு நீராட்டு, திருமணம், கோயில் திருவிழா, பாடசாலைக் குழுப் படம், அடையாள அட்டைப் படம் என்று காசு கொடுத்து எடுக்கும் படங்கள் தோட்டத்து நகரங்களில் இன்னும் பெரிய கமராவில்தான் எடுக்கப்படுகின்றன.

வலுவான எதிர்வாதம் மென்பொருளைப் பற்றியது. ஒரு சொடுக்கில் புள்ளியை அழிக்கலாம் என்றால் கண்ணாடியை ஏன் தொட வேண்டும்? வானத்துப் புள்ளிக்கு இது சரி. பழைய டச்சிங் தூரிகையின் வேலையை மென்பொருள் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. முகத்தில் விழுந்த புள்ளிக்கு இது சரிவராது. அண்மை ஆண்டுகளின் விதிப்படி, தேசிய அடையாள அட்டைக்கான படத்தை ஆட்பதிவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் சர்வதேச அளவுகோலின்படி எடுக்க வேண்டும். ஒரே நிறப் பின்னணி, சீரான வெளிச்சம், முகத்தில் திருத்தம் கூடாது. ஸ்டூடியோ விளக்கின் முன் துளையைச் சுருக்கித்தான் எடுப்பார்கள். தூசியின் நிழல் தெளிவாக விழுவதற்கு அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. பின்னணியில் விழுந்தால் நிராகரிக்கும் கறை; கன்னத்தில் விழுந்தால் இல்லாத மச்சம். அதை அழிக்கப் போகும் கருவி பக்கத்தில் உண்மையாக உள்ள மச்சத்தையும் சேர்த்து அழிக்கலாம். எது தூசி, எது தோல் என்று முடிவு செய்யும் வேளையில், எதிரில் இருந்தவர் ஏற்கெனவே தோட்டத்துக்குத் திரும்பியிருப்பார். குடியுரிமையை 1948இல் இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் எஞ்சியவர்களுக்கும் அது கிடைத்து முடிந்த ஒரு சமூகத்தில், அடையாள அட்டைப் படத்தைத் திருப்பி அனுப்புவது இன்னொரு நாள் சம்பள இழப்பு மட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இங்கே தூசியைப் படத்துக்குப் பின் அழிப்பது பதில் ஆகாது. படத்துக்கு முன் துடைத்திருக்க வேண்டும். அதைத் தினமும் காலையில் கடை திறக்கும் கைதான் செய்ய முடியும்.

பழைய டச்சிங்காரர் கூலிக்குச் செய்த தொழிலாளி, அவரை வீட்டில் கமரா வைத்திருப்பவரோடு ஒப்பிடலாமா என்று வரலாறு தெரிந்தவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சிறுநகர ஸ்டூடியோ பெரும்பாலும் குடும்பத் தொழில். முன்னறை படப்பிடிப்புக்கு, பின்னால் இருட்டறை, அதற்கும் பின்னால் சமையல். கூலியும் வீடும் அங்கே அவ்வளவு விலகி இருக்கவில்லை. அதைவிட முக்கியம், அந்தத் திறமை பட்டறையில் சான்றிதழ் வாங்கிப் படித்ததல்ல; பக்கத்தில் நின்று பார்த்து, கெட்ட நெகடிவில் பழகி, நல்லதைத் தொட்டது. இன்றும் பழைய கமராவின் வடிகட்டிக் கண்ணாடியிலோ லென்ஸின் பின்பக்கத்திலோ பழகிவிட்டுச் சென்சருக்கு வரலாம்.

பிரதிபலிப்புக் கண்ணாடியில்லாத புதிய (மிரர்லெஸ்) கமராக்கள் கணக்கைச் சற்று மாற்றியிருக்கின்றன. கனன் 2018இல் கொண்டுவந்த ஈஓஎஸ் ஆர் மாதிரியில், கமராவை அணைத்ததும் ஷட்டர் திரை மூடிச் சென்சரை மறைக்கிறது. ஆனால் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சருக்கு உள்ள தூரம் பழைய கனன் கமராக்களில் 44 மில்லிமீட்டர், இதில் 20. கமராவை அணைக்காமல் லென்ஸ் கழற்றுபவருக்குச் சென்சர் வாசலிலேயே நிற்கிறது. அணைத்துவிட்டுக் கழற்றுபவரின் தூசி திரையில் விழும். திரை மிக மெல்லிய தகடு, அதில் விரலோ சுவாப்போ படக் கூடாது, மெதுவான ஊதல் மட்டுமே.

வீட்டுக் கை எட்டாத இடம் ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை சுவாப் இழுத்த பிறகும் புள்ளி அசையவில்லை, அதன் ஓரம் வட்டமாக இல்லாமல் நூல் நூலாகக் கிளைக்கிறது என்றால், அது கண்ணாடியின் மேல் இல்லை, வடிகட்டி அடுக்குகளுக்கு இடையில் அல்லது கீழே முளைத்த பங்கசு. இன்னும் அழுத்தித் துடைப்பதால் மேல்பூச்சு மட்டுமே தேயும். அடுக்கைப் பிரித்து மாற்றுவது பணிமனை வேலை. பழைய கமராவாக இருந்தால் அதன் செலவில் இன்னொன்று வாங்கலாம். அந்த நிலைக்கு வராமல் இருக்க ஐப்பசி பிறக்கும் முன்பே கமராவைத் தோற்பையிலிருந்து எடுத்து, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரமானி 50 விழுக்காட்டுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதும், நிறம் மாறிய ஜெல்லை அடுப்படிச் சூட்டில் காயவைத்து மறுபடி உள்ளே போடுவதும் போதும்.